பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு எம்ஆர்ஐயா, சிடி ஸ்கேனா?

இடது காறை எலும்புக்குக் கீழே இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு மின்கருவியான பேஸ்மேக்கரைப் பொருத்தியவருக்குப் படமெடுக்க நேர்ந்தால், சிடி ஸ்கேனே எளிய வழி. அதில் காந்தம் இல்லை. அதன் எக்ஸ் கதிர் பேஸ்மேக்கரின் மேலேயே நேராக விழும்போது, கருவி அதை இதயத் துடிப்பென்று தவறாக உணரக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் எச்சரித்தது உண்மைதான். ஆயினும் அது அரிது, கதிர் விலகியதும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

எம்ஆர்ஐயின் நிலை வேறு. அதன் ரேடியோ அலைகள் கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் லீட் எனப்படும் கம்பியின் நுனியைச் சூடாக்கக்கூடும், காந்தப்புலம் கருவியின் இயக்கத்தைக் குலைக்கக்கூடும் என்பதால், முன்பு அது பெரும்பாலும் மறுக்கப்பட்டே வந்தது. 2011இல் எம்ஆர்ஐக்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் முதன்முறையாக ஒப்புதல் கிடைத்தது. ஆனால் 'ஏற்றது' என்பது நிபந்தனைக்கு உட்பட்டது: கருவியின் பெட்டி, கம்பி இரண்டுமே அத்தகையவையாக இருக்க வேண்டும், பழைய கம்பி ஒன்று நெஞ்சுக்குள் விடப்பட்டிருந்தாலும் கணக்கு மாறிவிடும். பொருத்திய முதல் 6 வாரங்களுக்குப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். ஸ்கேனுக்கு முன் கருவியை அதற்குரிய முறைக்கு மாற்றி, உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் ஈசிஜியையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்து, வெளியே வந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்பி, கம்பிகளைச் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனை முடியாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இருந்தும், தண்டுவடத்திலும் மூளையிலும் எம்ஆர்ஐ காட்டும் நுணுக்கத்தை சிடி காட்டாது என்பதால், மருத்துவர் அதுதான் தேவை என்று சொல்லும்போது பயத்தால் தவிர்ப்பது நோயாளிக்கே இழப்பு. கருவியின் மாதிரி எண் அச்சிட்ட அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருங்கள். ஸ்கேன் அறைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.