படித்துறையா, படகா? குடும்பத்தோடு தூண்டில் போட எது நல்லது?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் எனக்குப் படித்துறைதான். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்கால்வரை தண்ணீர் ஏறி, கலங்கல் தெளிந்த பிறகு போக வேண்டும். செலவே கிடையாது. மூங்கில் கழி, தூண்டில் நரம்பு, தூண்டில் முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. வாழைக்கொல்லை ஈரத்தைக் கொத்தினால் மண்புழு. கெண்டையும் ஜிலேபி மீனும் கடிக்கும், இருட்டினால் கெளுத்தி. கெளுத்தியின் முள் குத்தினால் கடுக்கும், பெரியவர்கள்தான் மீனைத் தூண்டிலிலிருந்து கழற்ற வேண்டும். தாத்தா பின்னால் உட்கார்ந்து, "தக்கை முழுசா முங்கட்டும்டா, அவசரப்படாதே" என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆச்சி தூக்குவாளியில் புளிசோறு கொண்டுவருவார். பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டால் வீட்டுக்கு ஓடிவிடலாம், அது பெரிய வசதி.

படகு வேறு மாதிரி. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம், மாமாவுக்குத் தெரிந்தவர் படகில் போனோம். அங்கே தண்ணீர் உப்பு, மீனும் வேறு: மடவை, கொடுவா. இரைக்கு உயிர் இறால். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறும் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நம் வசதிக்கு அது காத்திருக்காது. வெயில், ஆட்டம், தம்பிக்கு வாந்தி. ஆனால் கொடுவா இழுத்தபோது அப்பா சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

எல்லோருக்கும் மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறவே வேண்டாம். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை படகு, மற்ற நாளெல்லாம் படித்துறை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.