நாள் நாளாக ஓடும் லூப்: 7 வருட அனுபவம்

அப்பாவின் மழைக் கொப்பியைக் கணினியில் ஏற்றத் தொடங்கி 7 வருடமாகிறது. 1996 ஜனவரி 1 முதல் 2005 டிசம்பர் 31 வரை, தினமும் காலை 8.30க்கு மழைமானி பார்த்து எழுதியவை. மூன்று லீப் வருடம் சேர்த்தால் 3653 நாட்கள் வர வேண்டும். ஒவ்வொரு நாளாக எண்ணிப் போக ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுதிய முதல் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) 3652 என்றது. கடைசி நாளைக் காணவில்லை.

ஒரு கிழமை மண்டையை உடைத்துக்கொண்டேன். நள்ளிரவில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 24 மணி நேரம் கூட்டியிருந்தேன். கணினியின் நேர வலயம் கொழும்பு. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25 நள்ளிரவில் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அன்றைக்கு 00:00 என்ற நேரமே இல்லை. லூப் 01:00க்குப் போய் விழுந்தது. ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் பின்னே வந்ததும் 00:30 ஆனது. அப்படியே 2005 டிசம்பர் 31 வரை ஓடி, முடிவாக நான் கொடுத்த 00:00ஐத் தாண்டிவிட்டதால் அந்த நாளை விட்டுவிட்டது. சரி, மணி நேரம் கூட்டாமல் தேதியை மட்டும் ஒன்று கூட்டும் செட்டேட் (setDate) கட்டளையைப் போட்டால் தீருமா என்று பார்த்தேன். அதுவும் 01:00ஐப் பிடித்துக்கொண்டு அதே நாளைத்தான் தொலைத்தது. செட்டேட்டோடு தொடக்கத்தையும் முடிவையும் நண்பகல் 12 மணியாக வைத்தால் தப்பலாம்.

ஆனால் கொப்பியில் இருப்பது கொழும்பு நேரமே இல்லை. அப்பா எழுதியது வன்னியில்; புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அங்கே 2006 வரை பழைய நேரம்தான். ஆகவே மணிக்கூடே இல்லாத தேதி வகைக்கு மாறினேன். பைத்தான் நிரல்மொழியில் தேதியை மட்டும் வைத்திருக்கும் டேட்டும் (date), அதோடு கூட்ட ஒரு நாள் இடைவெளியான டைம்டெல்டாவும் (timedelta) போதும். எத்தனை சுற்று என்று எண்ணித் தரும் ரேஞ்ச் (range) கடைசி எண்ணைச் சேர்க்காது. நாள் வித்தியாசத்தோடு 1 கூட்ட மறக்க வேண்டாம். அதன்பின் ஒருநாளும் பிசகவில்லை.

பதிவுள்ள வரிகளை மட்டும் வாசித்தால் போதாதா என்று தம்பி கேட்டான். போதாது. மழையில்லாத நாளுக்கு அப்பா 0 போட்டிருக்கிறார். எழுதாத நாளுக்கு வரியே இல்லை. நாள் நாளாக ஓடினால்தான் அந்த வெற்றிடம் கண்ணில் படும். 1996 ஓகஸ்டில் தொடர்ந்து 11 நாட்கள் வெறுமையாக வந்தன. அம்மாவிடம் காட்டினேன். "கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு வந்த நாட்கள். மழைமானி சாக்குக்குள்ள இருந்தது" என்றார்.