சென்னை–மதுரை: விமானமா, ரயிலா?

வானத்தில் நேராக அளந்தால் 420 கிலோமீட்டர் சொச்சம், தண்டவாளத்தில் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகச் சுமார் 490. விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்பார்கள், ஆனால் பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் போய், பெட்டியைக் கொடுத்து, செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, இறங்கியதும் பெருங்குடி, அவனியாபுரம் தாண்டி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் எப்படியும் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். தேஜஸ் எக்ஸ்பிரஸ் ரயில் எழும்பூரிலிருந்து சுமார் ஆறரை மணி நேரம். இந்த வித்தியாசத்துக்கா அவ்வளவு காசு? என் ஓட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குத்தான்: ராத்திரி ஏறிப் படுத்தால் விடியற்காலையில் மதுரை ஜங்ஷன், அப்புறம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். காலையில் போய் அன்றே திரும்ப வேண்டுமா, சரி, விமானம்தான், அதுவும் கம்பெனி காசு என்றால் யோசிக்கவே வேண்டாம்.