முரசு நோய்க்கு லேசரா, கைக் கருவியா?

பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால் திருகோணமலையிலும் இப்போது பலர் கேட்பது "லேசர் செய்தால் போதாதா?" என்றுதான். என் பதில்: முதலில் கைக் கருவி.

நோயை வளர்ப்பது பல்லின் வேரோடு ஒட்டி இறுகிய அழுக்குப் படிவான காரை. வைத்தியர் கோடிட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே இறக்கி ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீற்றர் வரை பயமில்லை. அதைத் தாண்டி இரத்தமும் வந்தால் வேரைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். கைக் கருவியின் வளைந்த முனையால் சுரண்டும்போது காரை கரகரவென்று பெயர்வது நம் காதுக்கே கேட்கும். வேர் வழவழப்பானதை வைத்தியரின் விரல் உணரும். விறைப்பு ஊசி போடுவதால் வலி அதிகம் தெரியாது. பின்னர் சில நாட்கள் பல் கூசும்.

லேசரில் இரத்தக் கசிவு குறைவு என்பது உண்மை. ஆனால் பரவலாக உள்ள டயோட் லேசர் கிருமிகளையும் புண்பட்ட தசையையும் சுடுமே தவிர, காரையைப் பெயர்க்காது. எர்பியம் லேசர் பெயர்க்கும்; கருவியின் விலையோ மிக அதிகம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலும் காரையைச் சுரண்டி வேரைச் சுத்தம் செய்வதையே முதற் சிகிச்சையாக வைத்தது.

அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதை விட்டு, லேசருக்குக் காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிடலாம். வெற்றிலை, புகையிலை, கட்டுப்படாத நீரிழிவு இருப்பவர்கள் இன்னும் விரைந்து போக வேண்டும்.