தூரிகையால் பூச அக்ரிலிக்கா, எனாமலா?

நீங்கள் ஒட்டிச் செய்யும் முதல் பிளாஸ்டிக் மாதிரி விமானம் 1/72 அளவு (நிஜ விமானத்தின் நீளத்தில் 72-ல் ஒரு பங்கு) என்றால் அக்ரிலிக் வண்ணமே நல்லது. தண்ணீரில் கரையும், வாடை குறைவு. ஆனால் சட்டென்று காய்வதால் தூரிகைத் தடம் விழும். பாலைப்போல் நீர்க்கக் கலக்கி, தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். காயுமுன் மறுபடி தொட்டால் அடிப்பூச்சு பெயர்ந்து வரும். அரைமணி நேரமாவது பொறுங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில், ஈரநாளில் இன்னும் கூடுதலாக.

எனாமல் மெதுவாகக் காய்வதால் தானே மட்டமாகப் பரவும். அகன்ற இறக்கையில் அந்த வழவழப்பே தனி அழகு. பதிலுக்கு டர்பன்டைன், திறந்த ஜன்னல், ஒரு முழுநாள் தூசுபடாத மூடி வேண்டும்.

எதுவானாலும் உதிரிகளை முதலில் பாத்திரச் சோப்பில் கழுவுங்கள். உதிரிகளை வார்த்த அச்சின் எண்ணெய்ப் பிசுக்கில் வண்ணம் சரியாக ஒட்டாது.