திருகோணமலை வெயிலுக்கு எந்தக் கலர் பிலிம்: போர்ட்ரா, கோல்ட், எக்டார், 800டி

முதல்லயே சொல்லிடுறன், கடலையும் மலையையும் மட்டும் எடுக்கிறதெண்டா எந்தப் பிலிம் போட்டாலும் திருகோணமலை வடிவாத்தான் வரும், பிரச்சினை தொடங்கிறது பிரேமுக்குள்ள ஒரு முகம் வந்தாப் பிறகுதான். எங்கட தோல் நிறம், உச்சியில நிக்கிற வெயில், பின்னால கண்ணைக் கூச வைக்கிற மணல், இந்த மூண்டையும் ஒரே படத்தில தாங்குதா எண்டு பாத்துத்தான் நான் பிலிமைத் தரம் பிரிக்கிறது. இணையத்தில கிடைக்கிற ஒப்பீடுகள்ல கனக்க மேகமூட்டமான ஊர்களில வெள்ளைத்தோல் ஆக்களை வச்சு எடுத்தது, அதை நம்பி இங்க காசு குடுத்து வாங்கிறது சரிவராது.

இந்த முகக் கதைக்குப் பின்னால ஒரு வரலாறும் இருக்கு. முந்தி லாப்களில பிறிண்டின்ட நிறத்தைச் சரிபாக்கிறதுக்குக் கொடாக் குடுத்த அட்டையில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையின்ட படம், அதுக்கு ஷெர்லி கார்ட் எண்டு பேர். அந்த முகம் சரியா வந்தா நிறம் சரி எண்டு கணக்கு. கறுத்த தோலின்ட விவரமெல்லாம் நிழலுக்குள்ள அமுங்கிப் போறதை கன காலம் பெரிசா எடுக்கேல்ல, சொக்லேட் செய்யிறவங்களும் மரத் தளபாடம் விக்கிறவங்களும் தங்கட பொருளின்ட நிற வித்தியாசம் படத்தில தெரியேல்ல எண்டு முறையிட்டது பழுப்பு நிறங்களைத் திருத்தினதுக்கு ஒரு காரணம் எண்டு சொல்லப்படுது. பல நிறத்து ஆக்கள் சேந்து நிக்கிற அட்டை 1990களிலதான் வந்தது. வீட்டில இருக்கிற பழைய கலியாண அல்பத்தைத் திறந்து பாருங்கோ, சீலை வடிவா இருக்கும், மாப்பிள்ளையின்ட கண்ணும் மூக்கும் எங்க எண்டு தேடவேண்டி இருக்கும்.

இப்ப விசயத்துக்கு வாறன். போர்ட்ரா, கோல்ட், எக்டார் மூண்டும் கொடாக்கின்ட பிலிம், பேருக்குப் பின்னால வாற 100, 200, 400, 800 எண்டது வேகம், இலக்கம் கூடக்கூட குறைஞ்ச வெளிச்சத்திலயும் எடுக்கலாம். போர்ட்ரா 400 தான் எல்லாரும் முதல்ல சொல்லுற பேர், சொல்லுறதில ஞாயமும் இருக்கு. போர்ட்ரா குடும்பம் 1998இல வந்தது, இப்ப நாங்க வாங்கிற 400 அதுக்குப் பிறகு 2010இல புதுசாச் செய்து விட்டது, சினிமாப் பிலிமின்ட தொழில்நுட்பத்தை உள்ள போட்டிருக்கிறாங்கள். இதை நான் எப்பவும் 200 எண்டு வச்சுத்தான் அளக்கிறன், அதாவது ஒரு ஸ்டொப் கூட, ரெண்டு மடங்கு வெளிச்சம் குடுக்கிறது. நிலாவெளியில கரைவலை இழுக்கிற நேரம் எடுத்த ஒரு நெகற்றிவ் இருக்கு, முன்னுக்கு நிக்கிறவர் தலையில துவாயைக் கட்டியிருக்கிறார், அந்தத் துவாயின்ட நிழல் நெத்தியில இருந்து கன்னம் வரைக்கும் விழுது, போர்ட்ராவில அந்த நிழலுக்குள்ள வேர்வைத் துளியும் தாடி மயிரும் பிரிஞ்சு தெரியுது, அதே நேரம் பின்னால நுரை வெள்ளையாப் போய்ச் செத்துப்போகாம அலையின்ட மடிப்பு இருக்கு. இவ்வளவு தாங்கிற வேற பிலிமை நான் காணேல்ல. ஆனா விலை. ஒரு றோல் போர்ட்ராவின்ட காசுக்கு கோல்ட் ரெண்டு பாக்கலாம் எண்ட நிலைமையில ஒவ்வொரு தரம் அமத்தேக்கயும் மனசு கணக்குப் போடும், அது படத்துக்கு நல்லதில்ல.

அதாலதான் எனக்கு கோல்ட் 200 மேல பாசம் கூட. கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், கிரெயின், அதாவது படத்தில பொடிப்பொடியாப் புள்ளி, தெரியும், உண்மைதான், ஆனா பின்னேரம் நாலரைக்குப் பிறகு டச்சு பே பக்கம் வாற வெளிச்சத்தில இந்த மஞ்சள் எங்கட தோலில சரியான வடிவாச் சேருது. பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்தையும் நான் இதிலதான் எடுப்பன், அந்த அத்தனை வண்ணமும் கத்தாம நிக்கும். மத்தியானத்தில மட்டும் இது போர்ட்ராவுக்குத் தோத்துப்போகும், நிழல் கெதியில அடைக்கும், அதால நிழலுக்கு அளந்து எடுங்கோ, ஒரு ஸ்டொப் கூடினாப் பரவாயில்ல, குறைஞ்சா மண்ணிறமாய்ச் சேறு மாதிரி வரும். மீடியம் போர்மற், அதாவது பெரிய பிலிம் போடுற கமரா வச்சிருக்கிறவைக்கு ஒரு நல்ல செய்தி, 2022இல இருந்து கோல்ட் அந்த 120 அளவிலயும் வருது.

எக்டார் 100 பற்றித்தான் எங்கட ஆக்களுக்குள்ள சண்டை கூட. கலியாணம் எடுக்கிற அண்ணை ஒருத்தர் அதைத் தொடவே மாட்டார், பொம்பிளையின்ட முகம் செங்கல் நிறத்துக்குப் போகுது எண்டு சொல்லுவார், அது பொய்யில்ல, சிவப்பை இது தூக்கிக் குடுக்கும். ஆனா கடலை மட்டும் எடுக்கிற என்ர கூட்டாளிக்கு இதைத் தவிர வேற ஒண்டும் வேணாம். புறாத்தீவுப் பக்கத்துத் தண்ணியின்ட பச்சை நீலமும், பூச்சு மாறாத புதுப் படகும், கோணேசர் மலைக்குக் கீழ பாறையில மோதுற அலையும் எக்டாரில வாற மாதிரி வேறெதிலயும் வராது, கிரெயினைத் தேடினாலும் கிடைக்காது. ரெண்டு பேரும் சரிதான், ஆனா எனக்குக் கேட்டா அண்ணையின்ட பக்கம்தான், ஆக்கள் இல்லாத திருகோணமலையை நான் கனக்க எடுக்கிறதில்ல. இன்னொண்டு, எக்டாருக்கு வெளிச்சம் குறைஞ்சா நிழலெல்லாம் நீலமாகும், அதை ஸ்கானில திருத்தப் போனா மற்ற நிறமெல்லாம் குழம்பும்.

பியூஜி பற்றி நிறையச் சொல்ல ஒண்டுமில்ல. புரோ 400எச் 2021இல நிண்டு போச்சு, அதின்ட பச்சையை நினைச்சுப் பெருமூச்சு விடத்தான் முடியும். இப்ப கிடைக்கிற பியூஜி 200 பெட்டியில அமெரிக்காவில செய்தது எண்டு போட்டிருக்கும், கோல்ட்டோட பக்கத்தில வச்சா எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியேல்ல, எது மலிவோ அதை வாங்குங்கோ. ஹார்மன் பீனிக்ஸ் 200, இங்கிலாந்தில இருந்து 2023 டிசம்பரில வந்தது, கலர் நெகற்றிவில வழமையா இருக்கிற செம்மஞ்சள் சாயல் (மாஸ்க்) இல்லாத பிலிம், கொன்ட்ராஸ்ட் பயங்கரம். எங்கட மத்தியானத்துக்கு அது வேணவே வேணாம்.

இரவு வேற கதை. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வாற நாட்களில வீட்டு வாசலெல்லாம் நிறைகுடமும் குத்துவிளக்கும் வச்சிருப்பினம், அங்க போர்ட்ரா 800உம் சினிஸ்டில் 800டியும்தான் போட்டி. 800டி எண்டது கொடாக்கின்ட 500டி சினிமாப் பிலிம்தான், பின்பக்கத்துக் கறுப்புப் பூச்சை எடுத்திட்டு விக்கினம். அந்தப் பூச்சு இல்லாததால விளக்கைச் சுத்திச் சிவப்பு வட்டம் விழும். கடைத்தெரு பல்புக்கு அது அழகு, கற்பூரத் தட்டுக்கு முன்னால நிக்கிற ஒரு அம்மாவின்ட முகத்துக்கு மேல அந்தச் சிவப்பு கசிஞ்சா எனக்குப் பிடிக்கேல்ல. போர்ட்ரா 800இல சுடர் நல்லாச் செம்மஞ்சளா வரும், ஆனா முகம் முகமாவே இருக்கும். அதால சாமிக்கு போர்ட்ரா, தெருவுக்கு 800டி. பகலில இந்த ரெண்டையும் போடாதீங்கோ, பென்டாக்ஸ் கே1000 மாதிரிப் பழைய கமராவில சட்டர் வேகம் செக்கனில ஆயிரத்தில ஒண்டோட நிண்டிடும், 800 பிலிம் எண்டா லென்ஸின்ட துவாரத்தைச் சின்னனான எஃப் 16ஐ விட்டுப் பெரிசாத் திறக்க ஏலாது.

ஆனா ஒண்டு, ஒரே நெகற்றிவை ரெண்டு இடத்தில ஸ்கான் பண்ணினா ரெண்டு பிலிம் மாதிரி வரும். எனக்கு ஒரு லாப் முகங்களை வெளிறப்பண்ணி அனுப்பினது, நெகற்றிவைப் பாத்தா அப்பிடி ஒண்டுமே இல்ல, ஆரோ ஸ்கானரில தோலை வெள்ளையாக்கி விட்டிருக்கிறாங்கள். பிலிமைப் பிழை சொல்ல முதல் ஸ்கானைப் பாருங்கோ, குடுக்கேக்கயே நிறத்தைத் தொடாம, கொன்ட்ராஸ்டைக் கூட்டாம பிளாட்டா எடுத்துத் தாங்கோ எண்டு சொல்லுங்கோ. வீட்டில கழுவுறதெண்டா கலர் எங்களுக்கு லேசு, கறுப்பு வெள்ளைக்கு 20 பாகைக்கு ஐஸ் தேடவேணும், கலர் நெகற்றிவ் கழுவுற சி-41 முறையில டெவலப்பருக்குத் தேவை 37.8 பாகை, நேரம் 3 நிமிசம் 15 செக்கன், எங்கட வெயிலில தொட்டித் தண்ணியே பாதி வழி வந்திடும்.

வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரிட்டப் பிலிம் சொல்லிவிடுறவை, பெட்டிக்குள்ள போடாம கையில கொண்டுவரச் சொல்லுங்கோ, கைப்பையைச் சோதிக்கிற புது சிடி ஸ்கானரின்ட கதிர் பிலிமைப் பழுதாக்கும், அது இருக்கிற விமான நிலையத்தில கையால பாக்கச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்கோ, முக்கியமா 800. வந்தாப் பிறகு பிறிட்ஜுக்குள்ள வையுங்கோ, எடுத்த உடன டப்பாவைத் திறக்காதீங்கோ, இந்த ஈரக்காத்தில பிலிமில தண்ணி பூத்திடும், ஒண்டு ரெண்டு மணித்தியாலம் விட்டுத் திறவுங்கோ.