தீரன் சின்னமலை வேடத்துக்கு எந்தப் பெயிண்ட்?

1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையாக, ஆடிப்பெருக்கு விழாவில் என் மகன் மேடையேறினான். மார்புக் கவசம் அட்டைப் பெட்டியில் வெட்டியது. கேடயத்தின் குமிழ்கள் தெர்மோகோல். இவற்றுக்கு ஸ்ப்ரே பெயிண்டா, வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷனா?

ஸ்ப்ரேயில் தூரிகைத் தடம் விழாது, சீக்கிரம் காயும். ஆனால் அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். ஒரு குமிழ் என் கண்ணெதிரே குழிந்துபோனது. ஒரு டப்பா விலைக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் தலைப்பாகைத் துணியே வாங்கிவிடலாம்.

எமல்ஷன் நீரில் கரைவது, தெர்மோகோலை ஒன்றும் செய்யாது. முதலில் நீர் கலந்த ஃபெவிகாலை அட்டையின் இருபுறமும் மெல்லப் பூசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் வளையும். அடுத்து, கறுப்பு ஸ்டெயினர் (பெயிண்டுக்கு நிறமேற்றும் சாயம்) கலந்த எமல்ஷன். அது நன்றாகக் காய்ந்தபின், பொன்னிற அக்ரிலிக்கைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் இலேசாகத் தேய்க்க வேண்டும். பள்ளங்களில் கருமை தங்க, பழைய வெண்கலமேதான்! எனக்கு ஸ்ப்ரேயின் பளபளப்பைவிட இதுதான் பிடித்தது.

நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஆடி பிறந்ததுமே தொடங்கிவிடுங்கள். மர வாளுக்கு மட்டும் தாராளமாக ஸ்ப்ரே அடிக்கலாம், வாசலில் வைத்து.